மே துரை தங்கிய ஊர்

“ஒரு சின்ன மலை ஊர். பழைய வீடுகள், குளிர், தேவாலயம், நாலு கதை. இத்தாலி மாதிரி இருக்கட்டும்” என்றார் ஆசிரியர் போனில். அடுத்த இதழ் மலைச் சிறப்பிதழாம்.

நான் இத்தாலி போனதில்லை. என் வீடு பர்மாவில், யங்கோனின் இன்சீன் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. இங்கிருந்து ரயிலிலேயே போய்ச் சேரக்கூடிய மலை ஊர் ஒன்று இருக்கிறது, எழுதட்டுமா என்று கேட்டேன். “பழமை இருக்கா?” என்றார். இருக்கிறது. “படம் போடற மாதிரி?” குதிரை வண்டி இருக்கிறது என்றேன். அது போதும் என்று வைத்துவிட்டார்.

அந்த மலைக்கு நான் போனது 2019 ஜனவரியில். அதற்குப் பிறகு இந்த நாட்டில் நடந்ததெல்லாம் வாசகர்களுக்குத் தெரியும். இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை.

இன்சீன் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சிறைதான் ஞாபகம் வரும். 1887-ல் கட்டியது. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி கட்டடங்கள், அவற்றைப் பார்த்தபடி நடுவில் காவல். எங்களுக்கு இன்சீன் என்றால் ரயில் பட்டறை. 1877 மே முதல் தேதி இரங்கூனுக்கும் புரோமுக்கும் இடையே 161 மைல் ஓடிய பர்மாவின் முதல் ரயில் பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. என் தாத்தா பட்டறையில் பிட்டர். கரி எஞ்சின்களின் வயிற்றுக்குள் புகுந்து வேலை பார்த்தவர். காது மந்தமாகி, வீட்டிலும் பட்டறையில் பேசுவதுபோலக் கத்தித்தான் பேசுவாராம்.

இன்சீனையும் அந்த மலை ஊரையும் சேர்த்துக் கட்டுகிற ஒரு ஆள் உண்டு. 1925 செப்டம்பரில் எரிக் பிளேர் என்ற 22 வயதுப் போலீஸ் அதிகாரி இன்சீனுக்கு மாற்றலாகி வந்தார். உலகம் அவரைப் பின்னால் ஜார்ஜ் ஆர்வெல் என்று அறிந்துகொண்டது. இங்கே வருவதற்கு முன்பே, மாண்டலேயில் பயிற்சியில் இருந்தபோது, மலைக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். வெயிலில் வெந்து ரயில் ஏறியவர் இறங்கும்போது வேறொரு தேசத்துக் குளிர்; பெண்கள் கூடையில் ஸ்டிராபெரி விற்கிறார்கள். ஸ்பெயின் போரைப் பற்றி எழுதிய புத்தகத்தில் சம்பந்தமே இல்லாமல் இதை நினைவுகூர்கிறார். இன்சீனைப் பற்றி அப்படி ஒன்றும் ஏங்கி எழுதியதாகத் தெரியவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்த ஊர் மேமியோ. வரைபடத்தில் தேடுகிறவர்கள் பியின் ஊ லுவின் என்று தேட வேண்டும்.

முன்னே போய், பின்னே ஏறி

இன்சீனிலிருந்து மாண்டலே ரயில் கிடையாது. முதலில் வட்டப்பாதை ரயிலில் யங்கோன் மத்திய நிலையத்துக்குப் போக வேண்டும். 45.9 கிலோமீட்டர் நீளத்தில் 39 நிலையங்களைத் தொட்டு நகரத்தைச் சுற்றி வரும் அந்த ரயிலில் கீரைக்கட்டும் கோழியும் நம்மோடு பயணம் செய்யும். அங்கிருந்து மாண்டலேக்கு ஓர் இரவு முழுக்கக் குலுக்கல். பர்மா ரயிலில் தூங்குகிறவன் எங்கேயும் தூங்குவான்.

அப்போது மாண்டலேயில் மலை ரயில் விடிகாலை நாலு மணிக்கு. இருட்டில் ஏறி உட்கார்ந்தால், விடியும்போது மலையடிவாரத்தில் செடோ என்ற நிலையம். அதற்கு மேல்தான் வேடிக்கை. வளைந்து ஏற இடமில்லாத செங்குத்தான சரிவு. ரயில் கொஞ்ச தூரம் முன்னே போய் நிற்கிறது. ஒருவர் இறங்கித் தண்டவாளத்தை மாற்றிப் போடுகிறார். இப்போது வண்டி பின்னோக்கித் தள்ளிக்கொண்டு அடுத்த படி ஏறுகிறது. மறுபடி நின்று, மறுபடி முன்னே. நாம் வந்த தண்டவாளம் காலுக்குக் கீழே தெரிகிறது. என் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், ரயில் வழி தப்பிவிட்டது என்று நினைத்த முகத்தோடு, மடியிலிருந்த முட்டைக்கோஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஊட்டி ரயில் இதே சிக்கலைப் பல்சக்கரத்தால் தீர்த்தது. தண்டவாளத்தின் நடுவில் பல் பதித்த இரும்பு, எஞ்சினின் அடியில் அதைக் கவ்வும் சக்கரம். குன்னூர் வரை 1899-லும் உதகை வரை 1908-லும் போய்ச் சேர்ந்த அந்தப் பாதைக்கு 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பட்டம் கிடைத்தது. மேமியோ பாதையும் ஏறக்குறைய அதே வயது, அதே மீட்டர் கேஜ். இதற்குப் பட்டம் ஏதும் இல்லை. பட்டம் கொடுத்தால் டிக்கெட் விலை ஏறும் என்றார் முட்டைக்கோஸ் அம்மாள், நான் விளக்கிச் சொன்னபோது. அவர் வாரம் இருமுறை போகிறவர்.

காலை எட்டு மணிவாக்கில் இறங்கியபோது கடல் மட்டத்திலிருந்து 1,070 மீட்டர் உயரத்தில் இருந்தேன். வாயிலிருந்து புகை வந்தது. இன்சீன்காரனுக்கு அது பெரிய விஷயம். நாலைந்து முறை வேண்டுமென்றே ஊதிப் பார்த்தேன்.

யார் இந்த மே?

ஊரின் பெயர்க் கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். மாண்டலேயிலிருந்து லாசியோ போகும் வழியில் இருபது முப்பது வீடுகள் கொண்ட, ஷான் இனத்தவரின் கிராமம் ஒன்று இருந்தது. 1887-ல் வங்காளப் படைப்பிரிவு ஒன்று அங்கே தற்காலிகமாக முகாம் போட்டது. அதன் தலைவர் கர்னல் மே. பர்மிய மொழியில் ‘மியோ’ என்றால் ஊர். மேயின் ஊர், மேமியோ. படை கிளம்பிப் போய்விட்டது, துரையும் போய்விட்டார், பெயர் தங்கிவிட்டது. சென்னை ராஜதானி அரசு கோடையில் ஊட்டிக்கு மூட்டை கட்டியதுபோல, இரங்கூன் அரசு கோடையில் இங்கே வந்தது. குமாஸ்தா, கோப்பு, சமையல்காரன், துரைசாணியின் நாய் எல்லாம் அந்தப் படிக்கட்டு ரயிலில்தான் ஏறியிருக்க வேண்டும்.

நூறு வருஷம் கழித்து, 1989-ல், நாட்டின் ஊர்ப்பெயர்களை எல்லாம் மாற்றியபோது மேமியோ பியின் ஊ லுவின் ஆனது. பழைய கிராமத்தின் பெயர் திரும்பி வந்தது நியாயம்தானே என்பார்கள். நியாயம்தான். ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயில் அது கடைசி வரை மேமியோதான், யங்கோன் கடைசி வரை இரங்கூன்தான். அவர்கள் போனதும் அந்த உச்சரிப்பும் போய்விடும். நான் பழைய கட்டடங்களைப் பார்க்கப் போனவன். போன இடத்தில் பெயர்கள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. இனி இந்தக் கட்டுரை அந்தப் பக்கமாகத்தான் சாயும். ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஊர் நடுவில் மணிக்கூண்டு. பர்செல் டவர், 1936. அது விக்டோரியா ராணி கொடுத்த பரிசு என்று குதிரை வண்டிக்காரர் சொன்னார். பயணக் கையேடுகளும் சொல்கின்றன. ராணி இறந்தது 1901-ல். முப்பத்தைந்து வருஷம் கழித்துப் பரிசு அனுப்புவது ராணிகளுக்கே முடிந்த காரியம். கூண்டைக் கட்டிய கொத்தனுக்கு ஒரு வரி கிடையாது; எப்போதோ செத்துப்போன ராணிக்கு ஒரு கதையே கிடைத்திருக்கிறது.

கேண்டாகிரெய்க் மாளிகைக்கும் போனேன். பம்பாய் பர்மா கம்பெனி தன் கல்யாணமாகாத தேக்கு துரைமார்கள் வந்து இளைப்பாறக் கட்டியது. பெயர் ஸ்காட்லாந்துப் பக்கத்தது. மாடிப்படி முழுவதும் தேக்கு, இன்றைக்கும் ஏறினால் முனகலோ முக்கலோ கிடையாது. பின்னால் அரசு ஓட்டலாகித் திரி மியாய்ங் என்று பெயர் மாறியது. பால் தெரூ 1975-ல் வெளியான தன் ரயில் பயண நூலில் இந்த ஊரையும் இந்த வீட்டையும் எழுதிய பிறகு, அதைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளைக்காரர்கள் வந்து நிற்பது வழக்கமாம். ஊரெங்கும் இப்படிச் செங்கல்லும் மரச்சட்டமும் புகைபோக்கியுமாக வீடுகள். அழகுதான். அடுத்த பக்கத்துப் படங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாவரவியல் பூங்காவில் ஒரு முழு நாள் கழிக்கலாம். 437 ஏக்கர். காட்டிலாகா அதிகாரி அலெக்ஸ் ராட்ஜர் 1915-ல் தொடங்கி, செடிகளை வரையும் பழக்கமுள்ள சார்லட் கஃப் என்ற அதிகாரி மனைவி திட்டம் போட்டு வளர்த்தது. மண் வெட்டியவர்களில் முதல் உலகப் போரில் பிடிபட்ட துருக்கிக் கைதிகளும் உண்டு. எந்த ஊரிலோ பிறந்து, எந்தப் போரிலோ மாட்டி, ஷான் மலையில் அல்லிக் குளம் வெட்டிய மனிதர்கள். ராட்ஜர் பெயர் கிடைக்கிறது, கஃப் சீமாட்டி பெயர் கிடைக்கிறது. அப்புறம் “துருக்கியர்”.

தேநீர்க் கடையில்

சந்தைப் பக்கம் ஒரு தேநீர்க் கடை. ‘தோஷே’ என்று பர்மிய எழுத்தில் எழுதியிருந்தது. நம் தோசைதான், பர்மிய வாய்க்குள் போய் அப்படி ஆகிவிட்டது. கல்லில் ஊற்றிக்கொண்டிருந்த பெரியவர் என் நிறத்தைப் பார்த்தார், பிறகு நேரே தமிழில் கேட்டார்.

“எந்த ஊரு தம்பி?”

“இன்சீன், மாமா.”

“ரயிலுக்காரங்க வீட்டுப் பிள்ளையா?”

எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். இன்சீன் தமிழன் வேறு யாராக இருப்பான் என்றார். அவருடைய அப்பாவும் ரயில்தான். இந்த மலைப்பாதையில் தண்டவாளத்துக்கு ஜல்லி கொட்டும் கேங். அந்தக் காலத்தில் மேஸ்திரி ஆள் சேர்த்துக் கப்பலில் கொண்டுவருவார். முன்பணக் கடன் அடையும்வரை வேலை. 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இருந்த இந்தியர் 10 லட்சத்துக்கும் மேல். ரயில், துறைமுகம், நெல் அறுவடை, கக்கூஸ் எடுப்பது என்று எங்கே முதுகு வளைய வேண்டுமோ அங்கெல்லாம் இருந்தார்கள். செட்டிமார் வட்டிக்கடைகளைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. ஜல்லி கொட்டியவர்களைப் பற்றி எழுத யாரிடமும் காகிதம் இல்லை.

“அப்பா பேரு என்ன மாமா?”

சொன்னார். ரயில்வேயில் மேஸ்திரி சொன்னதை ஆங்கிலோ இந்தியக் குமாஸ்தா காதில் வாங்கி எழுதியது வேறு பெயராம். சம்பளம் அந்தப் பெயரில்தான் வந்தது. கடைசிவரை அப்பா அந்தப் பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார், சம்பள நாளைத் தவிர. பெரியவர் சிரித்தார். அவருக்கே அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயர்.

இது எங்களுக்குப் புதிதில்லை. வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர். கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரத்தோடு சொல்லும் பெயரை வேலை செய்யும் இடத்தில் யாரும் கேட்டதே இருக்காது. என் மகளுக்கும் அப்படித்தான் வைத்தேன். பதிவு செய்யப் போனபோது எனக்கு ஒரு நெருடலும் இல்லை, எல்லாரும் செய்வதுதான். மேமியோவில் அந்தப் பெரியவர் சிரித்த சிரிப்புக்குப் பிறகுதான் இது உறுத்த ஆரம்பித்தது. “பேரா சோறு போடுது? மலைக்கு நாலு பேர் சுத்திப் பார்க்க வந்தா அந்தக் கடையில நாலு தோசை ஓடும், அதை எழுதுங்க” என்கிறாள் என் மனைவி. அதையும் எழுதிவிட்டேன்.

தோசைக்குக் காசு வாங்க மறுத்தவர், நான் கிளம்பும்போது ஒன்று சொன்னார். “இங்க பட்டாளத்துப் பொண்ணுங்க இருந்தாங்க, தெரியுமில்ல? நம்ம பொண்ணுங்க. அப்பா பார்த்திருக்காரு. அரைக்கால் சட்டை போட்டு, துப்பாக்கி தூக்கி.”

அரைக்கால் சட்டைப் பெண்கள்

தெரியும். ஆனால் இந்தத் தெருவில் வைத்து யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

1942-ல் ஜப்பானியர் மேமியோவைப் பிடித்தார்கள். இந்தியாவுக்குள் நுழைந்து இம்பாலைத் தாக்கும் திட்டம் தீட்டிய அவர்களுடைய 15-ஆம் படையின் தலைமையகம் இங்கேதான் இருந்தது. சுபாஷ் சந்திர போஸ் 1944 ஜனவரியில் சிங்கப்பூரிலிருந்து இரங்கூனுக்கு வந்தார். போர்முனைக்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்று ஏப்ரலில் தன் முன்னணித் தலைமையகத்தை மேமியோவுக்கு மாற்றினார். அவருடைய இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையின் ஒரு பிரிவும் மலையேறியது. தலைவி கேப்டன் லட்சுமி, சென்னையில் படித்த டாக்டர். அப்போது வயது முப்பதுகூட நிறையவில்லை.

அந்தப் படையில் யார் இருந்தார்கள் என்பதுதான் விஷயம். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் முகாம் திறந்தபோது வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். விடிகாலையில் மரம் சீவிப் பால் எடுத்துக்கொண்டிருந்த கைகள். அவர்களில் பலர் அதுவரை பார்த்திராத இந்தியாவுக்காகப் பயிற்சி எடுத்து, சயாம் வழியாக ரயிலிலும் லாரியிலும் பர்மாவுக்கு வந்தார்கள். இம்பால் விழுந்ததும் முதலில் நுழைய வேண்டும் என்பது கனவு. இம்பால் விழவில்லை. ஜூலையில் பின்வாங்கல் உத்தரவு வந்தது. மழையில், மலேரியாவில், எலும்பாக வந்த சிப்பாய்களுக்கு மேமியோ ஆஸ்பத்திரியில் பணிவிடை செய்ததுதான் இந்தப் பெண்களில் பலர் பார்த்த போர். மேலே பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டன.

லட்சுமியின் பெயர் நின்றது. 1945-ல் பர்மாவில் பிடிபட்டு, 1946-ல் இந்தியா திரும்பி, கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்து, 2002-ல் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நின்றார். கோலாலம்பூர் ஜானகி தேவர் பின்னாளில் மலேசிய அரசியலில் பெயர் வாங்கினார். இன்னும் விரல்விட்டு எண்ணுகிற அளவு சிலர். மற்றவர்கள் கல்யாணமாகித் தோட்டத்துக்குத் திரும்பி, மறுபடி மரம் சீவினார்கள்.

மேமியோவில் அவர்கள் இருந்த இடம் எது என்று இரண்டு நாள் விசாரித்தேன். ஓட்டல் வரவேற்பாளருக்குத் தெரியவில்லை. குதிரை வண்டிக்காரர், தெரியாது என்று சொல்ல மனமில்லாமல், ஒரு பழைய சிவப்பு வீட்டின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். முந்தின நாள் அதே வீட்டை வேறு யாரோ துரையின் வீடு என்று காட்டியிருந்தார். ஊரில் நான் பார்த்த பலகைகளில் எதிலும் அந்தப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ராணுவக் கல்லூரி உள்ள ஊர்; ஆண் சிப்பாய்களுக்குச் சிலைகள் உண்டு.

மூன்றாம் நாள் அதே ரயில் பாதையில் இன்னும் தள்ளி, கோடெய்க் பாலம் வரை போய்த் திரும்பினேன். 689 மீட்டர் நீளம், 102 மீட்டர் உயரம். பென்சில்வேனியாவில் அடித்த இரும்பைக் கப்பலில் கொண்டுவந்து 1901-ல் முடித்தது. அதற்கும் கீழே ஆறு ஒரு குகைக்குள் புகுந்து காணாமல் போகிறது. ரயில் மனிதன் நடக்கும் வேகத்தில் கடக்கும்போது எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே போன் நீட்டினார்கள், நானும். 2025 ஆகஸ்டில் சண்டையில் பாலம் சேதமானதாகச் செய்தி வந்தது. ராணுவமும் கிளர்ச்சிப் படையும் ஒன்றையொன்று கைகாட்டின.

கல்லில் எழுதியவை

ஆசிரியர் இத்தாலி என்றாரே என்று இந்த வாரம் கொஞ்சம் படித்தேன். சிவிதா தி பஞ்ஞோரெஜோ என்று ஒரு ஊர். எரிமலைச் சாம்பல் இறுகிய குன்றின் உச்சியில் இருக்கிறது, ஓரங்கள் உதிர்ந்துகொண்டே வருகின்றன. போக ஒரே வழி 1965-ல் கட்டிய நடைபாலம். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். 2013 முதல் ஊருக்குள் நுழையவே கட்டணம். ஆள் இல்லாத வீடுகளைப் பார்க்க ஆட்கள் பணம் கொடுத்துப் போகிறார்கள்.

எனக்குப் பிடித்துப்போனது வேறொன்று. இத்தாலியில் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் சதுக்கத்திலோ மாதா கோயில் பக்கத்திலோ ஒரு கல் இருக்கும். முதல் உலகப் போரில் செத்த அந்த ஊர்ப் பையன்களின் பெயர்கள் அதில். ஆடு மேய்த்தவன், ரொட்டி சுட்டவன், ஒரே வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர் என்று வரிசையாக. அந்தக் கல்லை வெட்டிய அரசியல் நல்லதோ கெட்டதோ, அந்த ஊர்க்காரிக்குத் தன் மகன் பெயரைத் தடவிப் பார்க்க ஓர் இடம் இருந்தது.

அப்படி ஒரு கல் எங்கள் பக்கத்திலும் உண்டு. இன்சீனிலிருந்து பியை சாலையில் வடக்கே பஸ் பிடித்தால் தவுக்கியான் போர்க் கல்லறை. புல் வெட்டி, பூச்செடி வைத்து, ஒரு காகிதத் துண்டு விழாமல் பராமரிக்கிற இடம். 6,374 கல்லறைகள். நடுவில் பெரிய தூண் வரிசை. கல்லறையே கிடைக்காத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்களை அதில் செதுக்கியிருக்கிறார்கள். பெரும்பாலோர் பிரிட்டிஷ் இந்தியப் படைச் சிப்பாய்கள். தங்கள் மதப்படி எரியூட்டப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தனியே ஒரு நினைவிடம். தமிழர்களும் இருந்த மெட்ராஸ் சாப்பர்கள் என்ற பொறியியல் படையினர் இரண்டாம் உலகப் போரில் பாலம் போட்டுக்கொண்டே பர்மாவுக்குள் வந்தவர்கள். ஆக ஒரே போரில், ஒரே மண்ணில், எதிரெதிர்ப் பக்கத்தில் தமிழர்கள். ஒரு பக்கத்துக்குக் கல் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். நடுவட்டத்தில் அஞ்சலி வாசகத்தை ஐந்து மொழிகளில் எழுதியிருக்கிறார்கள்: ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி. அவள் சுற்றிச் சுற்றி வந்தாள்.

“நம்மளது இல்லையாப்பா?”

பெயர்களில் தேடலாம் என்றேன். எல்லாம் ஆங்கில எழுத்து. தமிழ்ப் பெயர்போலத் தெரிகிறவற்றின் முன்னால் நின்று நின்று போனோம். எழுதியவன் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதியிருக்கிறான். ஒரு பெயரில் ள-வா ழ-வா என்று தெரியவில்லை. இன்னொன்றை நான் நான்கு விதமாகப் படித்தேன், நான்கும் யாரோ ஒருவருக்கு வைத்திருக்கக்கூடிய பெயர்கள்தான். மகள் ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லிப் பார்த்தாள். எது நன்றாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து அடுத்த தூணுக்குப் போனாள். மூன்றாவது தூணில் பாதி முடிப்பதற்குள் காவலாளி வந்து, கேட்டைப் பூட்ட வேண்டும் என்றார்.